பேலா தார் படத்தில் தூங்கிப் போனால் அது யார் குறை?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: "பேலா தார் படம் பார்க்க உட்கார்ந்தேன், தூங்கிவிட்டேன். காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் கேட்டேன், பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்ததிலேயே இருபது நிமிடம் போய்விட்டது. இதையெல்லாம் ரசிக்கிறேன் என்பவர்கள் நிஜமாகவே ரசிக்கிறார்களா? ஏன் இரண்டையும் ஒரே கூட்டம்தான் தூக்கிப் பிடிக்கிறது? சாத்தான்டாங்கோவை ஒரே மூச்சில் பார்த்தே ஆகவேண்டுமா?" (தெரியாதவர்களுக்கு: பேலா தார் நீண்ட ஷாட்டுகளுக்குப் பேர்போன ஹங்கேரிய இயக்குநர், சாத்தான்டாங்கோ அவருடைய ஏழு மணி நேரப் படம், காட்ஸ்பீட் பாடகர் இல்லாத ஒரு கனடிய ராக் குழு.) இதற்கெல்லாம் அடியில் இன்னொன்று இருக்கிறது, நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். எனக்கு ஏதாவது குறையா, இல்லை இவர்கள் எல்லோரும் சேர்ந்து கதை விடுகிறார்களா? நான் சினிமா ஒலித்துறைக்காரன். பல வருடமாக எஃபெக்ட்ஸ் போடுவதும் மிக்சிங்கில் உட்காருவதும்தான் பிழைப்பு. அதனால் காதுப் பக்கமிருந்துதான் என்னால் பதில் சொல்ல முடியும். இசை இலக்கணம் முறையாகப் படித்ததில்லை, ஹங்கேரிய மொழியோ ரஷ்ய மொழியோ தெரியாது, உங்களைப் போலவே சப்டைட்டிலை நம்பித்தான் எனக்கும் வண்டி ஓடுகிறது.

பாவனை இருக்கிறது, அதை மறுத்துப் பயனில்லை. திரைப்பட விழாவில் படம் முடிந்து வெளியே வரும்போது யார் முதலில் வாயைத் திறப்பது என்று எல்லோரும் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்ப்பார்கள். ஒருவர் "மாஸ்டர்பீஸ்" என்று சொல்லிவிட்டால் போதும், அரை மணி நேரம் குறட்டை விட்டவரும் தலையாட்டுவார். ஆனால் சபாவில் தப்புத் தப்பாகத் தாளம் போடும் மாமா இருப்பதால் மேடையில் நடக்கும் கச்சேரி பொய்யாகிவிடாது. தூங்கிப் போனதை வைத்தும் எதையும் முடிவுகட்ட வேண்டாம். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்: சில படங்கள் தன்னைத் தியேட்டரில் தூங்கவைத்திருக்கின்றன, அதே படங்கள்தான் பிறகு ராத்திரியில் தூங்கவிடாமலும் செய்திருக்கின்றன, தனக்கு அந்த மாதிரிப் படங்கள்தான் பிடிக்கும் என்று. அவரே தூங்கியிருக்கிறார் என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்.

சரி, எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். நம்மூர் படம் பார்த்து வளர்ந்த காதுக்கு இந்தப் படங்களில் இடறுவது கதையோ வேகமோ இல்லை, ஒலிதான். நாங்கள் ஆர்.ஆர். என்று சொல்லும் பின்னணி இசை ஒரு தமிழ்ப் படத்தில் என்ன வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கதாநாயகன் கதவைத் திறப்பதற்கு முன்பே அவன் அடிக்கப் போகிறானா அழப் போகிறானா என்று அது சொல்லிவிடும். மிக்சிங் அறையில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம், "இந்த இடம் வெறிச்சுன்னு இருக்கு, ஒரு பேட் போட்டுக்கலாமா?" என்பது. பேட் என்றால் கீபோர்டில் நீட்டி இழுக்கும் ஒரு மெல்லிய ஸ்வரப் படுக்கை. ஒரு குறையும் இல்லாத காட்சியில்கூட அதைப் போட்டுவிடுவார்கள், வெறுமையைக் கண்டால் அவ்வளவு பயம். இப்படியே ஆயிரம் படம் பார்த்த ஒருவர் திடீரென்று அந்தக் கைப்பிடி இல்லாத படத்துக்குள் போனால், எங்கே பார்ப்பது, என்ன உணர்வது என்று யாரும் சொல்லாததால் மூளை "இங்கே ஒன்றும் நடக்கவில்லை" என்று முடிவுசெய்து விளக்கை அணைத்துவிடுகிறது. 2024இல் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' வந்தபோது இதைக் கண்கூடாகப் பார்த்தேன். அதில் பின்னணி இசையே கிடையாது. வண்டிச் சத்தம், சேவல், காற்று, ஆட்களின் சண்டை, அவ்வளவுதான். தியேட்டரில் ஒரு பகுதி நெளிந்தது, இன்னொரு பகுதி அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தது. படம் ஒன்றுதான்.

இந்த இடத்தில் பேலா தாரின் 'வெர்க்மைஸ்டர் ஹார்மனீஸ்' படத்தை எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் தூங்கியது இதிலா வேறொன்றிலா என்று சொல்லவில்லை என்றாலும். 2000இல் வந்த படம், லாஸ்லோ கிராஸ்னஹோர்க்காயின் நாவலை வைத்து எடுத்தது (2025இல் இலக்கிய நோபல் வாங்கியவர்). ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் மொத்தமே 39 ஷாட், அதாவது வெட்டாமல் எடுத்த 39 துண்டு. ஊருக்குள் ஒரு பெரிய திமிங்கலத்தின் உடலைக் காட்சிக்குக் கொண்டுவருகிறார்கள், சதுக்கத்தில் ஆண்கள் கூடுகிறார்கள், ஒரு கட்டத்தில் அந்தக் கூட்டம் மருத்துவமனையை நோக்கி நடக்கிறது. நடப்பதை மட்டும் சில நிமிடம் காட்டுகிறார். ஒரு கோஷம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை, செருப்பும் பூட்ஸும் தரையில் தேயும் சத்தம் மட்டும். அப்புறம் உள்ளே போகிறார்கள். கேமரா வெட்டே இல்லாமல் வார்டு வார்டாக அவர்கள் பின்னால் போகிறது. கட்டில்களைக் கவிழ்க்கிறார்கள், நோயாளிகளை இழுத்துப்போட்டு அடிக்கிறார்கள், பொருள்களை உடைக்கிறார்கள். இங்கேதான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்: அடிவாங்குகிறவர்கள் கத்துவதில்லை, அடிக்கிறவர்களும் கத்துவதில்லை. உடையும் சத்தமும் கால் சத்தமும்தான். இசை ஒரு துளி இல்லை. கடைசியாக இரண்டு பேர் ஒரு திரையைப் பிடுங்கி இழுக்கிறார்கள், அதற்குப் பின்னால் எலும்பும் தோலுமாக ஒரு கிழவர் அம்மணமாக நிற்கிறார். அந்த நொடியில்தான் இசை வருகிறது. கூட்டம் திரும்பி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியேறுகிறது.

எஃபெக்ட்ஸ் போடுகிறவனாக இந்தக் காட்சியைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அலறலை எடுத்துவிட்டது எவ்வளவு பெரிய முடிவு என்று தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் சட்டென்று உறைக்கும். எந்த ஊர் ஸ்டூடியோவாக இருந்தாலும் முதலில் போடுவது அலறலைத்தான். அது இருந்தால் நமக்கு ஒரு ஆறுதல், அடிபடுகிறவன் பக்கம் நின்றுவிடலாம். அதை எடுத்ததும் நாம் எந்தப் பக்கமும் நிற்க முடியாமல் கேமராவோடு சேர்ந்து நடக்கிறோம், அதாவது அடிக்கிறவர்களோடு. இசையும் வன்முறைக்குத் துணையாக வராமல், வன்முறை வெட்கப்பட்டு நிற்கும் இடத்தில் வருகிறது. படத்தில் மற்ற நேரமெல்லாம் இசையை இவ்வளவு சிக்கனமாக வைத்திருந்ததற்கான பலன் அந்த ஒரு நிமிடத்தில் கிடைக்கிறது. இதைத்தான் "ஒன்றும் நடக்காத படம்" என்கிறார்கள்.

இதற்கு இசையமைத்த மிஹாய் வீக் யார் என்று தெரிந்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். அவர் இசைக் கல்லூரியிலிருந்து வந்த சிம்பொனிக்காரர் இல்லை. 1980களில் புடாபெஸ்ட்டில் டிராபாண்ட், பாலட்டோன் என்ற அண்டர்கிரவுண்ட் ராக் குழுக்களில் இருந்தவர். சாத்தான்டாங்கோவில் ஊரையே ஏமாற்றும் இரிமியாஷாக நடித்திருப்பதும் அவர்தான். தாரும் வீக்கும் வேலை செய்த முறையும் நம் முறைக்குத் தலைகீழ். படம் எடுத்து, எடிட் செய்து, பிறகு ஆர்.ஆருக்கு அனுப்புவது இல்லை. படப்பிடிப்புக்கு முன்பே வீக் இசையைப் பதிவுசெய்து கொடுத்துவிடுவார், அதை ஷூட்டிங்கில் ஒலிக்கவிட்டே நடிகர்களும் கேமராவும் நகர்வார்கள். அந்த நீண்ட ஷாட்டுகளில் கேமரா ஏதோ தாளத்துக்கு ஊர்வது போல் தோன்றுகிறதே, நிஜமாகவே ஒரு தாளம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

இந்த மாதிரி ஆட்கள் புடாபெஸ்ட்டில் மட்டும் இல்லை. 1970களின் கடைசியில் நியூயார்க்கின் கீழ்ப்பகுதியில் வாடகை மலிவாக இருந்தபோது, கிட்டார் வாசிக்கத் தெரியாதவன் குழு ஆரம்பித்தான், கேமரா பிடிக்கத் தெரியாதவன் படம் எடுத்தான், பெரும்பாலும் இரண்டு பேரும் ஒரே ஆள். இயக்குநர் ஜிம் ஜார்முஷ் டெல்-பைசான்டீன்ஸ் என்ற குழுவில் இருந்தார். அவருடைய 'ஸ்ட்ரேஞ்சர் தேன் பாரடைஸ்' (1984) படத்தின் நாயகன் ஜான் லூரி, லவுஞ்ச் லிசர்ட்ஸ் குழுவின் சாக்ஸஃபோன்காரர், படத்துக்கு இசையும் அவரே. அதே காலத்தில் மேற்கு பெர்லினில் ராக் பாடகர் நிக் கேவ் குடியிருந்தார், ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ் அவரையும் அவர் குழுவையும் அப்படியே 'விங்ஸ் ஆஃப் டிசையர்' (1987) படத்துக்குள் கொண்டுவந்தார். பாதி இடிந்துபோன எஸ்பிளனேட் ஹோட்டலில் அவர்கள் வாசிக்கும் காட்சி இருக்கிறது. மனிதர்கள் மனதில் நினைப்பது தேவதைகளுக்குக் கேட்கும் என்பது படத்தின் விதி. அதனால் மேடையில் நிற்கும் கேவின் நினைப்பும் நமக்குக் கேட்கிறது: இன்னும் ஒரே ஒரு பாட்டு, முடிந்தது, இந்தத் தடவை ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லப்போவதில்லை என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார். மைக்கைப் பிடித்ததும், "ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லப்போகிறேன்" என்று ஆரம்பிக்கிறார். தத்துவப் படம் என்று பயந்து ஓடுகிறவர்களுக்கு இந்த நக்கலைக் காட்ட எனக்கு எப்போதும் ஆசை. ஆக, இரண்டையும் ஒரே கூட்டம் ரசிப்பது தற்செயல் இல்லை. ஒரே தெருவில், ஒரே வறுமையில், சில சமயம் ஒரே ஆட்கள் உருவாக்கியவை இவை. மாண்ட்ரியல்காரர்களான காட்ஸ்பீட் தங்கள் பெயரையே 1976இல் வந்த ஒரு ஜப்பானிய ஆவணப்படத்திலிருந்து எடுத்தவர்கள்தான், மோட்டார்பைக் கும்பலைப் பற்றிய படம் அது. மேடையில் அவர்களுக்குப் பின்னால் 16 எம்.எம். புரொஜெக்டரில் ஃபிலிம் சுருள்கள் ஓடிக்கொண்டே இருக்கும், அதை ஓட்டுகிறவரும் குழுவில் ஒருவர்.

அந்தக் காட்ஸ்பீட் ஆல்பம், 2000இல் வந்த இரட்டை ஆல்பத்தைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், நான்கே துண்டுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபது நிமிடம். நீங்கள் பாட்டு ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தீர்கள், பாடகரே இல்லை. மூன்றாவது துண்டு ஒரு கிழவரின் குரலோடு தொடங்கும். நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் அந்தக் காலத்தில் ஜனங்கள் ராத்திரி மணலிலேயே படுத்துத் தூங்குவார்கள், இப்போது யாரும் அப்படித் தூங்குவதில்லை என்று சொல்லிக்கொண்டே போவார். பிறகு கிட்டார் தனியாக அழ ஆரம்பிக்கும், டிரம்ஸ் மெதுவாகச் சேரும், அப்புறம் எல்லாம் சேர்ந்து மேலே ஏறும். அந்தக் கிழவர் சொன்னதற்குப் இருபது நிமிடத்துக்கு மேல் நீளும் ஒரு எதிர்வினை என்று எடுத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். மெட்டு எங்கே என்று தேடாமல் அளவு எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள், எத்தனை வாத்தியம், எவ்வளவு உரக்க, எவ்வளவு நெருக்கமாக. நம் ஆட்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஆலாபனையை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறவர்கள் நம்மிடம் எத்தனையோ பேர், அங்கேயும் வார்த்தையும் இல்லை தாளமும் இல்லை. இந்தி இயக்குநர் மணி கவுல் இந்த ஒற்றுமையை முன்பே பிடித்துவிட்டவர், ஜியா மொஹியுதீன் டாகரிடம் துருபத் என்ற பழைய இந்துஸ்தானி இசை வகையைக் கற்றுக்கொண்டு 1982இல் அதைப் பற்றியே படமும் எடுத்தார், அவர் படங்களின் நடை அந்த ஆலாப்பின் நடைதான் என்பது என் எண்ணம்.

இன்னொரு விஷயம், இது முழுக்கத் தொழில்நுட்பம், சந்தேகமே இல்லாமல் சொல்லலாம். நீங்கள் எதில் கேட்டீர்கள்? போனில் என்றால் அந்த ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது கனத்த அடி ஒலிகள், பெரும்பாலும் ஒன்றுமே வராது. இந்த இசையின் அடித்தளம் மொத்தமும் அங்கேதான் இருக்கிறது. மெதுவான பகுதி ஃபேன் சத்தத்தில் காணாமல் போகும், சத்தத்தைக் கூட்டுவீர்கள், பத்து நிமிடம் கழித்து உரத்த பகுதி வந்ததும் பதறிக் குறைப்பீர்கள், அந்த ஏற்றம்தான் பாட்டு, அதை நீங்களே விரலால் தட்டையாக்கிவிட்டீர்கள். படத்துக்கும் இதே கதை. ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979) படத்தில் மூன்று பேர் ரயில் டிராலியில் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் போகும் காட்சியைப் பாருங்கள். கேமரா அவர்கள் தலையை ஒட்டியே நிற்கிறது, பின்மண்டை, காது, கன்னம், பின்னால் மங்கலாக நகரும் குப்பைமேடுகள். சக்கரம் தண்டவாளத்தில் தட்டும் சத்தம் சாதாரணமாகத்தான் ஆரம்பிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக அதில் எதிரொலி ஏறுகிறது, உலோகம் உருகிப் போனது போல் ஆகிறது, எப்போது அது சத்தமாக இருந்தது, எப்போது எதுவார்த் அர்த்தேமியெவின் மின்னணு இசையாக மாறியது என்று கோடு போட முடியாது. பழுப்பு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த படம் சட்டென்று பச்சையும் பனியுமாக வண்ணத்துக்கு மாறுகிறது, எல்லாச் சத்தமும் நின்றுவிடுகிறது, வழிகாட்டியான ஸ்டாக்கர் "வீட்டுக்கு வந்துவிட்டோம்" என்கிறான். லேப்டாப் ஸ்பீக்கரில் இது நான்கு நிமிட டொக்கு டொக்கு. நல்ல ஹெட்ஃபோனில் அல்லது தியேட்டரில், எல்லை தாண்டியது உங்கள் உடம்புக்கே தெரியும்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதியானது. இனி சொல்வது என் அபிப்பிராயம், சண்டைக்கு வரலாம். மெதுவாக இருப்பதே உயர்வு என்று நினைத்து எடுக்கப்பட்ட படங்கள் நிறைய இருக்கின்றன, விழாக்களில் மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும், ஒருவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பான், நாம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அந்த ஐந்து நிமிடத்தில் ஒலியிலும் ஒன்றும் மாறாது, ஒளியிலும் மாறாது. அதில் தூங்கினால் குறை படத்தில்தான். காட்ஸ்பீட் வகை இசையான போஸ்ட்-ராக்கும் அப்படியே, மெதுவாக ஆரம்பித்து மெதுவாக ஏறி கடைசியில் வெடிப்பது ஒரு ஃபார்முலாவாகி இருபது வருடம் ஆகிறது, இப்போது கார் விளம்பரத்தில்கூட அதுதான் வருகிறது. ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழு 2002இல் தலைப்பே இல்லாத எட்டுப் பாட்டுகளை அர்த்தமே இல்லாத சொந்த மொழியில் பாடி ஒரு ஆல்பம் போட்டது. முதல் பாட்டு அற்புதம், ஆனால் முழு ஆல்பத்தையும் ஒரே உட்காரலில் கேட்டால் எனக்குத் திகட்டிவிடும். இந்தப் படங்களைப் பார்த்தால் பொறுமை வளரும், கவனம் கூடும் என்றெல்லாம் சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எனக்குத் தெரிந்த மிகத் தீவிரமான தார் ரசிகர் ஒருவர் சிக்னலில் பத்து விநாடி நிற்கமாட்டார்.

எங்கே தொடங்கலாம் என்றால், தாரிடமிருந்து வேண்டாம். வெண்டர்ஸின் 'பெர்ஃபெக்ட் டேஸ்' (2023) பாருங்கள், டோக்கியோவில் பொதுக் கழிப்பறை சுத்தம் செய்யும் ஒருவரின் நாள்கள். வேனில் அவர் கேசட்டைச் செருகும்போதுதான் ராக் பாடகர்கள் லூ ரீடும் பட்டி ஸ்மித்தும் வருவார்கள், பாட்டு அவருடையது, படத்துடையது இல்லை, அந்த வித்தியாசம் உங்களுக்குச் சுலபமாகப் பிடிபடும். அடுத்து ஜார்முஷின் 'டெட் மேன்' (1995). ராக் இசைக்கலைஞர் நீல் யங் படத்தைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே பெரும்பாலும் ஒற்றை மின் கிட்டாரில் அந்த நேரத்துக்குத் தோன்றியதை வாசித்த இசை அது. சில இடத்தில் ஒரே ஒரு தந்தியைத் தட்டிவிட்டு அது கரையும் வரை விட்டுவிடுகிறார், காட்சி அந்த ஒலிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. வணிகப் படத்துக்கு ஆர்.ஆர். செய்யும் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், பொறாமையில் சாவார்கள். இந்த இரண்டும் உங்களுக்கு ஒட்டினால் 'ஸ்டாக்கர்', அதன் பிறகு 'வெர்க்மைஸ்டர்'. ஒட்டவில்லையென்றால் விட்டுவிடுங்கள், யாரும் மார்க் போடப்போவதில்லை.

சாத்தான்டாங்கோவைக் கேட்டீர்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடும், 1994இல் வந்தது. டாங்கோ நடனத்தில் முன்னே ஆறு அடி, பின்னே ஆறு அடி என்பது போலப் பன்னிரண்டு பகுதிகளாக இருக்கிறது, தியேட்டரில் போடும்போதே வழக்கமாக இரண்டு இடைவேளை விடுவார்கள். அதனால் வீட்டில் அந்த இடைவேளைகளில் எழுந்து சாப்பிட்டுவிட்டு வருவதில் ஒரு பாவமும் இல்லை, மூன்று ராத்திரியாகப் பிரித்துப் பார்த்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு பகுதியை நடுவில் நிறுத்தாதீர்கள், போனை அடுத்த அறையில் வையுங்கள். முதல் ஷாட்டில் தொழுவத்திலிருந்து மாடுகள் வெளியே வந்து சேற்றில் ஊர் வழியாக நடக்கும், ஏழெட்டு நிமிடம். மாடுகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பதோடு, பின்னால் என்ன கேட்கிறது என்பதிலும் காதை வையுங்கள். அந்த ஷாட் முடியும்போது உங்களுக்கு எரிச்சல்தான் வந்தது என்றால், மீதி ஏழு மணி நேரத்தை வேறு எதற்காவது செலவழியுங்கள்.